வுண்டர்லாண்டும் பெண்டனும்: வீட்டில் லேஅவுட் போடுபவரின் பார்வையில்

மாடல் ரயில் பைத்தியம் பிடித்த யாரிடமும் "எந்த லேஅவுட்டைப் போய்ப் பார்க்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். (தண்டவாளம், ஊர், மலை எல்லாம் சேர்த்துப் போடும் குட்டி ரயில் உலகத்துக்குத்தான் லேஅவுட் என்று பெயர்.) ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருக்கும் மினியாட்டூர் வுண்டர்லாண்டைத்தான் முதலில் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஒரு பிளைவுட் பலகையை வாங்கி வைத்துக்கொண்டு எங்கே ஆரம்பிப்பது என்று முழிப்பவர்களுக்கு அது மட்டும் போதாது. இங்கிலாந்தில் டிட்காட் பக்கம், லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் இருக்கும் பெண்டன் மியூசியத்தையும் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் போட ஆசைப்படுவது நீலகிரி மலை ரயிலை. 46 கிலோமீட்டரையும் போட வீட்டில் இடம் கிடையாது. ஹில்குரோவ் ஸ்டேஷன், அதற்கு மேலே கொஞ்சம் மலை, கீழே கொஞ்சம் மலை. இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. நம் ஊர் அகலப் பாதையை எச்ஓ அளவில், அதாவது 1:87-க்குச் சுருக்கினால் தண்டவாள இடைவெளி 19 மி.மீ-க்கு மேல் வர வேண்டும். கடையில் விற்கும் எச்ஓ தண்டவாளமோ 16.5 மி.மீ. அதில் ஒரு டபிள்யூஏபி-4 மின்சார எஞ்சினை ஏற்றினால், பருத்த ஆசாமி சின்ன முக்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். நீலகிரி ரயில் ஓடும் மீட்டர் கேஜுக்கு, அதாவது ஒரு மீட்டர் இடைவெளித் தண்டவாளத்துக்கு, இந்தத் தொல்லை இல்லை. கணக்குப்படி பதினொன்றரை மி.மீ, சுவிஸ் மீட்டர் கேஜ் மாடல்களுக்காக 12 மி.மீ தண்டவாளம் ரெடிமேடாகவே வருகிறது. ஊட்டி ரயிலின் பழைய எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சின்களே சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்தவைதானே. ஆகவே இந்த இரண்டு இடங்களிலும் நான் நின்ற நேரமெல்லாம் மனதுக்குள் ஓடிய கேள்வி ஒன்றுதான்: இதில் எது ஹில்குரோவுக்கு உதவும்?

வுண்டர்லாண்டை ஆரம்பித்தவர்கள் ஃபிரெடரிக் பிரவுன், கெரிட் பிரவுன் என்ற இரட்டையர்கள். 2000-ல் சூரிக் நகரத்தில் ஒரு மாடல் ரயில் கடைக்குள் நுழைந்த ஃபிரெடரிக்குக்குத் தோன்றிய யோசனை. அடுத்த வருடம் ஆகஸ்டில் திறந்தே விட்டார்கள். அதற்கு முன் இரண்டு பேரும் டிஸ்கோ நடத்தியவர்கள். இந்தச் செய்தி தெரிந்த பிறகு, அங்கே விளக்கு அமைப்பு ஏன் அப்படி இருக்கிறது என்று நான் வியப்பதை விட்டுவிட்டேன்.

நான் முதலில் பார்க்கச் சொல்வதும் விளக்கைத்தான். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பகலும் இரவும் வந்து போகிறது. மேலே உள்ள விளக்குகள் மெல்ல ஆரஞ்சாகி, சிவந்து, நீலமாகும். கீழே ஜன்னல்கள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிக்கும். அந்த ஒவ்வொன்றாக என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வீட்டில் நாம் எல்லா எல்ஈடியையும் ஒரே ஸ்விட்சில் கோத்துவிடுகிறோம், ஊர் முழுக்க ஒரே நொடியில் விளக்கு எரிகிறது. இரண்டு மூன்று தொகுதியாகப் பிரித்து, கொஞ்சம் முன்பின்னாக எரியவிட்டாலே போதும், வீட்டுக்குள் ஆள் இருப்பது மாதிரி ஆகிவிடும். மேலே மங்கலாக ஒரு நீல விளக்கும் சேர்த்துவிடுங்கள். பெரிய செலவில்லாமல் அங்கிருந்து கொண்டுவரக்கூடிய முதல் சரக்கு இதுதான்.

அப்புறம் க்னுஃபிங்கன். அவர்கள் கற்பனை செய்த ஊர். அங்கே ஒரு கட்டடத்தில் தீப்பிடிக்கும். தீயணைப்பு வண்டிகள் நீல விளக்கு சுழலக் கிளம்பும். மற்ற வண்டிகளுக்கு நடுவே இண்டிகேட்டர் போட்டுத் திரும்பும், பிரேக் விளக்கு எரிய நிற்கும். சாலைக்கடியில் ஒரு மெல்லிய கம்பி போகிறது. வண்டியின் முன்சக்கரத்தோடு இணைந்த காந்தம் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே திரும்புகிறது. இந்த அடிப்படை கடைகளில் கிடைக்கும் ஃபாலர் கார் சிஸ்டத்திலும் உண்டு. அதன் மேல் கம்ப்யூட்டரை ஏற்றி, எந்த வண்டிக்கு எங்கே வழிவிட வேண்டும், எது சார்ஜ் ஏற்றப் போக வேண்டும் என்பது வரை அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

விமான நிலையம் 2011 மே மாதம் திறந்தது. கட்ட ஆறு வருடம் போல, செலவு முப்பத்தைந்து லட்சம் யூரோ. கூட்டம் எப்போதும் இதைச் சுற்றித்தான் மொய்க்கும். விமானம் தானாக ஓடுபாதைக்கு வந்து, நின்று, இரைந்து, ஓடி, மூக்கைத் தூக்கிப் பறக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் அதைத் தூக்குவது அடியில் இருக்கும் இரண்டு மெல்லிய கம்பிகள். சுவருக்குள் புகுந்து மறைந்துவிடும். பின்னால் அதை வாங்கி, வரிசையில் வைத்து, மறுபடி தரைக்கு அனுப்பும் இயந்திரங்கள் இருக்கின்றன. கம்பி கண்ணுக்குத் தெரிந்தும் ஏன் நம்பிவிடுகிறோம் என்று கொஞ்சம் யோசித்தேன். கிளம்பும் முன் அந்த விமானம் நிற்கும் நேரம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அவசரமே இல்லை. நம் வீட்டு லேஅவுட்டில் ரயில் ஸ்டேஷனில் நிற்பதே கிடையாது, சுற்றிக்கொண்டே இருக்கும். ஹில்குரோவில் ரயில் தண்ணீர் பிடிக்க நிற்கும். பயணிகள் இறங்கி டீ குடிப்பார்கள். குரங்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். அந்த நிறுத்தத்தை முழுசாகக் கொடுக்காவிட்டால் அது ஹில்குரோவே இல்லை.

ஸ்கேண்டிநேவியாவில் 30,000 லிட்டர் நிஜத் தண்ணீர், அதில் ஓதம் ஏறி இறங்கும். இத்தாலியில் வெசூவியஸ் எரிமலை கனலும். கால்வாயின் மேல் ஒரு கண்ணாடிப் பாலத்தைக் கடந்து எதிர்க்கட்டடத்துக்குப் போனால் ரியோ, படகோனியா. இவற்றை அர்ஜென்டினாவின் மார்டினெஸ் குடும்பத்தோடு சேர்ந்து செய்திருக்கிறார்கள். 2024-ல் வந்த மொனாக்கோவில் சாலைக்கடியில் இருக்கும் காந்தப்புலத்தால் ஃபார்முலா ஒன் கார்கள் ஓடுகின்றன. எல்லாம் பிரமாதம். ஆனால் இவற்றிலிருந்து வீட்டுக்கு எடுத்துவர எதுவுமில்லை. வேடிக்கை பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

சுவிட்சர்லாந்து அப்படி இல்லை. மாட்டர்ஹார்ன் சிகரம் கிட்டத்தட்ட ஆறு மீட்டர் உயரம், இரண்டு மாடிகளைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது. கிராபுண்டன் பக்கத்துச் சிவப்பு ரயில்களைப் பாருங்கள். அகலமான பள்ளத்தாக்கில் ரயில் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது! நாம் ரயிலைப் பெரிதாகக் காட்ட ஆசைப்பட்டு மலையைக் குன்றாக்கிவிடுகிறோம். நீலகிரி ரயிலின் பல்சக்கரப் பாதையில் கல்லாறுக்கு மேலே ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று. அதாவது 120 செ.மீ பலகையில் தண்டவாளம் 10 செ.மீ ஏறினால் போதும். ஆனால் அதற்குப் பின்னால் மலை ஆள் உயரத்துக்கு நிற்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஹாம்பர்க்தான்.

குறை என்று ஒன்று சொல்ல வேண்டுமானால், ரயிலை ரயிலாக ரசிப்பவர்களுக்கு அங்கே தீனி கம்மி. ஆயிரத்துக்கு மேல் ரயில்கள் இருந்தும் பெரும்பாலும் ஒரு குகையில் புகுந்து இன்னொன்றில் வருவதோடு சரி. எந்த வண்டி எங்கிருந்து எங்கே போகிறது, ஏன் போகிறது என்பதெல்லாம் அங்கே யாருடைய கவலையும் இல்லை. அதை அவர்களும் ஒளிக்கவில்லை. அது ஒரு உலகம், அதில் ரயிலும் ஓடுகிறது.

பெண்டனில் கவலையே அதுதான்.

பெண்டனை உருவாக்கியவரின் பெயரே ராய் இங்கிலாந்து, ஆனால் ஆஸ்திரேலியாக்காரர். 1925-ல் இங்கிலாந்துக்கு வந்தவர், வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் கூரைவீடுகளில் மயங்கிப்போனார். கண்ணெதிரே அந்தக் கூரைகள் பிரிக்கப்பட்டு வேறு என்னென்னவோ ஏறுவதைப் பார்த்தவருக்குப் பொறுக்கவில்லை. இருப்பதை இருக்கிறபடி மாடலாகச் செய்து வைத்துவிடுவது என்று இறங்கினார். 1954-ல் பெண்டன் ஆரம்பமானது. 1930-களின் அந்தப் பள்ளத்தாக்கு இன்றைக்கும் தன்னார்வலர்கள் கையால் வளர்ந்துகொண்டிருக்கிறது.

அளவு அடிக்கு 4 மி.மீ, அதாவது 1:76. தண்டவாளம் 18 மி.மீ. கடையில் கிடைக்கும் 16.5 அவர்கள் கணக்குக்கு ஒல்லி என்பதால் தாங்களே போட்டுக்கொண்டார்கள். அந்த ஒரு முடிவிலேயே இவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துவிடும்.

ஒரு வீட்டின் முன்னால் குனிந்து நில்லுங்கள். சுவர் அட்டைதான். ஆனால் செங்கல் செங்கலாக வண்ணம் தீட்டியிருக்கிறார்கள்; பக்கத்துப் பக்கத்துச் செங்கல்கள் ஒரே சிவப்பில் இல்லை. தோட்டத்தில் காய்கறிகள் வரிசையாக, செடி செடியாக. ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தால் உள்ளேயும் ஏதோ இருக்கிறது. இதைப் பார்த்த பிறகு பிளாஸ்டிக் கிட் வீட்டை ஒட்டி, அப்படியே பலகையில் வைக்க எனக்குக் கை வரவில்லை. செலவு என்று பார்த்தால் அட்டை, வாட்டர்கலர், பிளேடு, பெவிகால். ஹாம்பர்க்கின் பட்ஜெட் நமக்கு இந்த ஜென்மத்தில் இல்லை. பெண்டனின் பொருட்கள் தெருமுனை ஸ்டேஷனரிக் கடையிலேயே இருக்கின்றன. இல்லாதது பொறுமை ஒன்றுதான்.

டார்ட்மூர் காட்சி தனி. புரூனல் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு எஞ்சினியரின் பாணியில் ஒரு மரப்பாலம், அதன் மேல் கிரேட் வெஸ்டர்ன் என்ற பழைய கம்பெனியின் ரயில்கள் போகின்றன. எஞ்சின்களில் பலவற்றைச் செய்தவர் கை வில்லியம்ஸ், அந்தக் கலையில் பெரிய கை. விளக்கம் சொல்ல ஆள் நிற்பார். தைரியமாகக் கேள்வி கேளுங்கள், அவர்களுக்கு அதுதான் பிடிக்கும். இந்தப் பெட்டிக்கு ஏன் இந்த நிறம் என்று கேட்டால், எந்த வருடத்தில் மாறியது என்பதிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

வருடம் என்ற அந்த ஒன்றைத்தான் பெண்டனிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். நீலகிரி ரயில் என்று பொதுவாக வைத்துக்கொண்டால் ஒன்றும் நகராது. எந்த வருடம்? எஞ்சின் நிலக்கரியிலா, எண்ணெயிலா? பெட்டிக்கு என்ன நிறம்? ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் நின்று, விசில் கேட்டு பிரேக்கைத் திருகும் பிரேக்ஸ்மேன் என்ன உடை போட்டிருந்தார்? 1:87-ல் அவர் இரண்டு செ.மீ கூட இல்லை, இருந்தாலும் அவர் இல்லாமல் அந்த ரயில் கிளம்பாது. பிரைசர் கம்பெனி வண்ணம் பூசாத பொம்மை மனிதர்களையும் விற்கிறது. அதை வாங்கிக் காக்கி அடித்துக்கொள்ளலாம். ஹில்குரோவ் இன்றும் இருப்பதால் போய் அளந்துகொண்டு வரலாம். 2010-ல் மீட்டர் கேஜ் நின்றுபோன செங்கோட்டை மலைப்பாதையைப் போட நினைப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆல்பத்தில் படம் வைத்திருப்பவர்களைப் பிடித்து இப்போதே கேட்டு வையுங்கள்.

பெண்டனில் தவறவிடக் கூடாத இன்னொன்று, ஜான் ஏஹர்ன் என்பவரின் மேடர் வேலி. 1930-களின் கடைசியில் ஆரம்பித்த லேஅவுட். தண்டவாளத்தைச் சுற்றி ஒரு முழு ஊரும் நிலமும் வேண்டும் என்று முதலில் செய்து காட்டியவர்களில் அவரும் ஒருவர். கொஞ்சம் பழசாக, கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். எனக்கு அங்கே ரொம்பப் பிடித்ததும் இதுதான்: ஒரு தனி ஆள் வீட்டில் உட்கார்ந்து செய்தது என்பது பார்த்தவுடன் தெரிகிறது. குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே ஓட்டுகிறார்கள்.

அமெரிக்காக்காரர்களிடம் பேசினால் கலிபோர்னியாவில் ஜான் ஆலன் கட்டிய லேஅவுட்டைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டார்கள். தரையிலிருந்து கூரை வரை மலை. பெட்டிகளைத் தள்ள எஞ்சினுக்குப் பதில் ஒரு டைனோசர் பொம்மை வேறு வைத்திருந்தார் மனிதர். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களிலேயே தீப்பிடித்து லேஅவுட்டும் போய்விட்டது. படங்கள்தான் மிச்சம்.

சரி, போகிறவர்களுக்கு. ஹாம்பர்க்கில் யூ3 ரயிலில் பௌம்வால் நிறுத்தத்தில் இறங்கி, செங்கல் கிடங்குகள் நிறைந்த ஷ்பைஷர்ஷ்டாட்டுக்குள் நடந்தால் வந்துவிடும். டிக்கெட்டை நேரம் குறித்து ஆன்லைனில் முன்பே எடுங்கள். விடுமுறை நாள் மதியத்தில் போனால் தலைகளைத்தான் பார்ப்பீர்கள். ராத்திரி வெகுநேரம் திறந்திருக்கும் நாட்களில் கடைசி இரண்டு மணி நேரம் தோதானது. ஒரு மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை. ஜனவரியில், பணம் கட்ட வசதியில்லை என்று சொல்பவர்களை ஆதாரம் கேட்காமல் இலவசமாக உள்ளே விடும் வழக்கத்தையும் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த இரட்டையர்கள் மேல் மரியாதை கூடியது அதனால்தான்.

பெண்டன் பெரும்பாலும் வார இறுதிகளில்தான் திறந்திருக்கும். நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். டிட்காட் பார்க்வே ஸ்டேஷனில் இறங்கி டாக்சி பிடிப்பது நல்லது. அந்த ஸ்டேஷனை ஒட்டியே டிட்காட் ரயில்வே சென்டர் இருக்கிறது, நிஜ கிரேட் வெஸ்டர்ன் எஞ்சின்கள் நிற்குமிடம். காலையில் அங்கே எஞ்சினைத் தொட்டுப் பார்த்துவிட்டு மதியம் பெண்டனுக்குப் போனால், 1:76-ல் அவர்கள் எதை விட்டுவிடவில்லை என்று சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு அளவுகோலும் நோட்டுப்புத்தகமும் எடுத்துப் போங்கள்.