இரண்டு வருடம் போட்ட ‘மிச்சிகன் வெர்சஸ் எவ்ரிபடி’ ஹூடி: துணிக்கு ஐந்து, எழுத்துக்கு இரண்டு

இதை 2023 நவம்பர் நடுவில் வாங்கினேன். இதை எழுதுவது 2025 செப்டம்பர் கடைசியில். இரண்டு முழுக் குளிர்காலம், கணக்கில்லாத நைட் ஷிஃப்ட், வாரம் தவறாமல் வாஷிங் மெஷின் எல்லாம் பார்த்துவிட்ட ஹூடி. துணி எப்படி என்பதை முதல் வாரத்திலேயே எழுதியிருக்கலாம். ஆனால் நெஞ்சில் அச்சடித்திருக்கும் மூன்று சொல்லைப் பற்றி எனக்கே ஒரு முடிவு வர இந்த ஆகஸ்ட் வரை ஆனது. அதனால்தான் இவ்வளவு தாமதம்.

முதலில் பொருள். அடர்நீலம், நெஞ்சில் மக்காச்சோள மஞ்சளில் பெரிய எழுத்துகள். ‘டெட்ராய்ட் வெர்சஸ் எவ்ரிபடி’ என்பது எங்கள் மிச்சிகன் மாநிலத்தில் பல வருடமாகவே இருக்கும் வாசகம். அந்த நவம்பரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி வேவு பார்த்த புகாரில் சிக்கியிருந்தபோது, டெட்ராய்ட் போய் மிச்சிகன் வந்தது. நாம் ஒரு பக்கம், மற்ற எல்லோரும் மறுபக்கம். வீரர்களே இந்த வாசகத்தோடு வந்தார்கள். பல கடைகள் பல தரத்தில் விற்றன. நான் வாங்கியது ஒரு சின்னக் கடையில், பெயர் வேண்டாம்.

துணி அருமை. உள்பக்கம் பூந்துவாலை மாதிரி மெத்தென்று இருக்கிறது, இரண்டு வருடம் கழித்தும் அந்த மெத்து போகவில்லை. மணிக்கட்டுப் பட்டி தளரவில்லை. முன்பக்கப் பையின் ஓரத்தில் இரட்டைத் தையல். சாவி, போன், கையுறை எல்லாம் திணித்தும் ஒரு நூல் பிரியவில்லை. நீலம் கொஞ்சம்கூட வெளுக்கவில்லை. அதிகாலை நான்கு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து, பனி மூடிய காரைச் சுரண்டி எடுக்கும்போது, கோட்டுக்கு உள்ளே இது இருந்தால் போதும். ஒரே குறை, டிரையரில் போட்டால் கை நீளம் அரை விரல்கடை குறைகிறது. ஒரு சைஸ் கூட்டி வாங்குங்கள்.

சரி, எழுத்து. அதற்கு இரண்டு நட்சத்திரம்தான். அதற்குக் காரணம் சொல்ல ஒரு கதை சொல்லியாக வேண்டும்.

நான் ஒரு மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறேன். என் மகன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தான். 2021 நவம்பரில், பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை, அவன்தான் என்னை, பக்கத்து மாநிலத்துப் பரம எதிரியான ஒஹையோ ஸ்டேட்டோடு நடந்த ஆட்டத்துக்குக் கூட்டிப்போனான். ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரக் கட்டிய ஸ்டேடியம். கால்விரல் மரத்துப்போய்விட்டது. 42-27 என்று ஜெயித்தோம். 2011க்குப் பிறகு ஒஹையோ ஸ்டேட்டை அதுவரை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் கூட்டம் மொத்தமும் மைதானத்துக்குள் இறங்கியது. “அம்மா, கையை விடாதே” என்று மகன் கத்தினான். அன்றிலிருந்து அது என் டீம்.

கோச் ஜிம் ஹார்பா. எண்பதுகளில் இதே அணிக்குப் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக ஆடியவர், 2015 சீசனிலிருந்து கோச். 2020இல் ஆறு ஆட்டத்தில் இரண்டுதான் ஜெயித்தார்; ‘அனுப்பிவிடுங்கள்’ என்று பாதி ஊர் சொன்னது. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு அவர் தங்கினார். பிறகுதான் அந்தப் பனி நாள் வந்தது. எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் ஜெயித்தது மட்டும் இல்லை. சரிந்து கிடந்தபோது விட்டுப் போகவில்லை என்பதுதான்.

2023 அக்டோபர் 19ஆம் தேதி செய்தி வர ஆரம்பித்தது. கானர் ஸ்டாலியன்ஸ் என்ற ஊழியர், அடுத்தடுத்து நம்மோடு ஆடப்போகிற அணிகளின் ஆட்டங்களுக்கு ஆள் அனுப்பி, அடுத்து என்ன ஆடுவது என்று ஓரத்தில் நிற்கும் கோச்சுகள் காட்டும் சைகைகளைப் போனில் படம் எடுக்க வைத்தார் என்று. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எதிரணியின் சைகையைப் படிப்பது குற்றம் இல்லை. டிவி ஒளிபரப்பைப் பார்த்துப் படிக்கலாம், ஆட்டம் நடக்கும்போதே கண்ணால் பார்த்துப் பிடிக்கலாம். ஆனால் அந்த சீசனில் பின்னால் மோதப்போகும் அணியின் ஆட்டத்துக்கு நேரில் ஆள் அனுப்பி வேவு பார்ப்பதை, கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் என்.சி.ஏ.ஏ. 1994இலிருந்தே தடை செய்திருக்கிறது. வசதியுள்ள கல்லூரி நாலாபக்கமும் ஆள் அனுப்பும், இல்லாத கல்லூரி என்ன செய்யும்? அதனால்தான் அந்த விதி. நல்ல விதி. ஒஹையோ ஸ்டேட் செய்திருந்தால் அன்றைக்கே நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

எங்கள் பிரேக் ரூமில் இரண்டு மாதம் வேறு பேச்சே இல்லை. ஒருவர் ஒஹையோக்காரர், லேபில் எனக்குப் பக்கத்து பெஞ்ச், நல்ல சிநேகிதர். இன்னொருவர் நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும் பெரியவர். எழுபது எண்பதுகளில் போ ஷெம்பெக்லர் மிச்சிகன் கோச்சாக இருந்த காலத்திலிருந்து ஒரு ஆட்டம் விட்டதில்லை. “ஒரு சின்னப் பையன் செய்த வேலைக்குக் கோச்சை ஏன் தூக்க வேண்டும்?” என்பார் பெரியவர். “அந்தப் பையனுக்கு யார் சம்பளம் கொடுத்தது?” என்பார் ஒஹையோக்காரர். நடுவில் நான், சூடு ஆறிப்போன காபியோடு.

ஹார்பா தனக்கு எதுவும் தெரியாது என்றார். அந்த இடத்தில்தான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. லேபில் ஒரு ரிசல்ட் தப்பாகப் போனால், டெஸ்ட் செய்தது யாராக இருந்தாலும் கீழே கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்ல வேண்டும். நான் போட்டிருக்கிறேன், பதிலும் சொல்லியிருக்கிறேன். என்.சி.ஏ.ஏ.விலும் 2023 ஜனவரியிலிருந்து அதேதான்: தன் ஆட்கள் செய்த மீறலுக்குத் தலைமைக் கோச்சே பொறுப்பு, ‘எனக்குத் தெரியாது’ எடுபடாது. ஆனாலும் அவர் இருக்க வேண்டும் என்றுதான் நான் வாதாடினேன். தண்டனையை வாங்கிக்கொண்டு இங்கேயே இருக்கட்டும், விசாரணையில் உட்காரட்டும், பையன்களுக்கு முன்னால் நிற்கட்டும் என்று.

நவம்பர் 10, வெள்ளிக்கிழமை. பென் ஸ்டேட் ஆட்டத்துக்கு அணி பறந்து போகும் நேரத்தில், மிச்சிகன் ஆடும் கல்லூரிக் கூட்டமைப்பான பிக் டென்னின் கமிஷனர் டோனி பெட்டிட்டி ஹார்பாவை மூன்று ஆட்டத்துக்கு சஸ்பெண்ட் செய்தார். என்.சி.ஏ.ஏ. விசாரணை முடியக்கூட இல்லை. அது படைவீரர் நாள் விடுமுறை, தடை வாங்கப் போகக் கோர்ட்டும் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! மறுநாள் அவருக்குப் பதில் உதவிக் கோச் ஷெரோன் மூர் நின்றார். கடைசி 32 ப்ளேயும் பந்தை வீசாமல் ஓட்டம், ஓட்டம், ஓட்டம் மட்டும். 24-15. முடிந்ததும் டிவி மைக்குக்கு முன்னால் மூர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். அந்த அழுகையோடுதான், அடுத்த இரண்டு நாளில் இந்த ஹூடியை ஆர்டர் செய்தேன்.

பெரியவருக்கு அந்த 32 ஓட்டம் போதும். “எங்கே ஓடப்போகிறோம் என்று பென் ஸ்டேட்டுக்கும் தெரியும், தடுக்க முடிந்ததா? இதில் எந்த சைகையைத் திருடினோம்?” ஒஹையோக்காரர் விடவில்லை: “சைகைத் திருட்டு எதிரணியைத் தடுக்கும் டிஃபென்ஸுக்குத்தான் உதவும். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் எங்களை ஜெயித்தீர்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. 2023க்கு மட்டும் உண்டு: செய்தி வெளியான பிறகு எட்டு ஆட்டம் ஆடினார்கள். ஸ்டாலியன்ஸ் இல்லை, எல்லோரும் உஷாராக இருந்தார்கள். எட்டும் வெற்றி. கடைசியில் கிடைத்த தேசியப் பட்டம் அந்தப் பையன்களுடையது.

ஹூடி வந்த வாரம் ஒஹையோ ஸ்டேட் வாரம். அந்த வாரத்தில் ஒஹையோ ஸ்டேட் வளாகத்தில் கண்ணில் படும் எம் எழுத்தை எல்லாம் சிவப்பு டேப்பால் அடித்து வைப்பது வழக்கம். நான் ஹூடியை லாக்கர் பக்கம் மாட்டிவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தால், மிச்சிகனின் எம் மேல் பெருக்கல் குறி, சிவப்பு லேப் டேப்பில். யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். சிரித்துக்கொண்டே பிய்த்தேன். டேப்போடு மஞ்சள் அச்சும் சேர்ந்து வந்துவிட்டது. எம்மின் இடது கால், கீழே நகக்கண் அளவுக்குப் போய்விட்டது. ஒருமுறைகூடத் துவைக்காத புது ஹூடி! அவர் முகம் தொங்கிப்போனது. புதிதாக வாங்கித் தருகிறேன் என்று மூன்று நாள் பின்னாலேயே வந்தார். வேண்டாம் என்றேன். தப்பு அவருடையது இல்லை. சாதாரண டேப்புக்குப் பெயர்ந்து வருகிற அச்சை எழுபது டாலருக்கு விற்கக் கூடாது. கடைக்கு எழுதினேன், துவைத்த பொருளை மாற்ற மாட்டோம் என்று பதில் வந்தது. துவைக்கவில்லை என்று திரும்ப எழுதினேன். பதில் இல்லை.

அதற்குப் பிறகு எவ்ரிபடியின் ஒய் இரண்டும் வெடித்துவிட்டன. ‘வெர்சஸ்’ மட்டும் புதுசு போலவே இருக்கிறது.

போட்டுக்கொண்டு வெளியே போனால் என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வாங்குகிறவர்களுக்கு அது முக்கியம். பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் முன்பின் தெரியாதவர்கள் ‘கோ ப்ளூ’ என்று கை உயர்த்துவார்கள். தெற்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் டொலீடோ, அது ஒஹையோ. அங்கே கேஸ் ஸ்டேஷனில் என்னைவிட மூத்த ஒரு பெண்மணி வாசகத்தைப் படித்துவிட்டு, “எல்லோரும் உங்களுக்கு எதிரியா, இல்லை நீங்கள் விதிக்கு எதிரியா?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். நான் எட்டு ஆட்டக் கணக்கைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “அதற்கு முந்தினவை?” என்றார்.

2024 ஜனவரி 8, ஹூஸ்டன். வாஷிங்டனை 34-13 ஜெயித்து, 1997க்குப் பிறகு முதல் தேசியப் பட்டம். அன்று இரவு இந்த ஹூடியை மாட்டிக்கொண்டு அப்படியே தூங்கினேன். பதினாறே நாளில், 24ஆம் தேதி, ஹார்பா, என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகில் ஆடும் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸுக்குப் போகிறார் என்ற செய்தி. பெரியவர் “என்.எஃப்.எல். பட்டம் ஒன்றுதான் அவர் ஜெயிக்காதது, போகட்டும்” என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. 2020இல் தங்கிய மனிதர், விசாரணை முடியாமல் கிடக்கும்போது போய்விட்டார். அவர் கையெழுத்துப் போட்ட தாள் மேஜையிலேயே இருக்கிறது. பதில் சொல்ல வேண்டியவர்கள் இங்கே இருப்பவர்கள்.

இந்த ஆகஸ்ட் 15இல் தீர்ப்பு வந்தது. ஹார்பாவுக்கு வேறொரு வழக்கில் ஏற்கனவே இருந்த நாலு வருடத் தடை முடிந்ததும், 2028இலிருந்து இன்னும் பத்து வருடம். அதுவரை எந்தக் கல்லூரியும் அவரை எடுப்பது ஏறக்குறைய நடக்காத காரியம், என்.எஃப்.எல்.லில் அவருக்கு ஒன்றும் ஆகாது. ஸ்டாலியன்ஸுக்கு எட்டு வருடம். பல்கலைக்கழகத்துக்குக் கோடிக்கணக்கான டாலர் அபராதம். பட்டத்தைப் பறிக்கவில்லை. சீசன் முடிவுப் போட்டிகளுக்குத் தடையும் போடவில்லை. இப்போது ஆடும் பையன்களைத் தண்டிப்பதாகிவிடும் என்றார்கள். அது நியாயம்.

என்னை அடித்தது, ஹார்பா போன பிறகு தலைமைக் கோச்சான மூர் விஷயம். செய்தி வெளியான அன்று, ஸ்டாலியன்ஸோடு பேசிய 52 குறுஞ்செய்திகளை அவர் போனிலிருந்து அழித்திருக்கிறார். பிறகு மீட்டெடுக்கப்பட்டன. யாருடைய அழுகையைப் பார்த்து இதை வாங்கினேனோ, அவர். இந்த சீசனில் இரண்டு ஆட்டம் பல்கலைக்கழகமே அவரை வெளியே நிறுத்தியது, 2026இன் முதல் ஆட்டத்துக்கும் என்.சி.ஏ.ஏ. தடை போட்டது. பிரேக் ரூமில் பழைய சண்டை புதுப் பெயரோடு திரும்பி வந்திருக்கிறது: இவர் இருக்கலாமா, போக வேண்டுமா?

நான் சொல்வது, இருக்கட்டும். செய்தது தப்பு, சின்னத் தப்பும் இல்லை. ஆனால் அவர் விசாரணையில் உட்கார்ந்தார், தண்டனையை வாங்கிக்கொண்டார், போகவில்லை. கடந்த சனிக்கிழமை அவர் இல்லாமல் நெப்ராஸ்காவில் 30-27. அடுத்த ஆட்டத்துக்கு வந்து நிற்பார். ஹார்பாவிடம் நான் கேட்டது அதைத்தான்.

ஆக வாசகத்துக்கு ஏன் இரண்டு என்றால், அச்சு மோசம் என்பது பாதிதான். எல்லோரும் எங்களுக்கு எதிரி இல்லை. டொலீடோவில் கேட்டவர் எதிரி இல்லை, பக்கத்து பெஞ்ச் எதிரி இல்லை. எங்கள் வீட்டுக்குள் ஒரு விதியை மீறினோம், கேட்டார்கள். அவ்வளவுதான். அப்புறமும் இதை ஏன் போடுகிறேன் என்று ஒஹையோக்காரர் கேட்டார். 2023 டீமை எனக்குப் பிடிக்கும், அதனால் என்றேன். தலையாட்டினார்.

வாங்குகிறவர்களுக்கு: இதே துணியில் வெறும் எம் மட்டும், அச்சு இல்லாமல் நூலால் தைத்தது இருக்கிறது. விலை பத்து டாலர் கூட, ஆனால் எழுத்து பெயராது. மகனுக்குப் பிறந்தநாளுக்கு அதைத்தான் வாங்கியிருக்கிறேன், ஒரு சைஸ் கூட்டி. என்னுடையதை உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் துவைத்து, கொடியில் உலர்த்துகிறேன். இந்த 2025 நவம்பர் 29 ஒஹையோ ஸ்டேட் ஆன் ஆர்பருக்கு வருகிறது. அதுவரை மிச்ச எழுத்து தாங்க வேண்டும்.