எம்ஜிபி-க்கு ஹெரிடேஜ் சான்றிதழ்: பழைய தகட்டையும் பக்கத்தில் வைத்து ஒரு விமர்சனம்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பிரித்துப் புதுப்பிக்கப் போகிறவர் யாராக இருந்தாலும், முதல் நட்டில் ஸ்பானரை வைக்கும் முன்னே கேய்டனுக்கு எழுதி ஹெரிடேஜ் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். நான் வாங்கினேன். கொடுத்த காசுக்கு முழு மனநிறைவு.

வார்விக்‌ஷயரில் கேய்டன் என்ற ஊரில் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இருக்கிறது. அதன் ஆவணக் காப்பகத்தில் எம்ஜி, ஆஸ்டின், மோரிஸ், டிரையம்ப் என்று பல கம்பெனிகளின் உற்பத்திப் பேரேடுகள் பத்திரமாக உள்ளன. நம் காரின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால், பேரேட்டில் அந்த வண்டிக்கு எழுதியிருப்பதை எடுத்துச் சான்றிதழாகத் தருகிறார்கள். நான் பதிவு ஆவணத்தின் நகலையும், காரில் ரிவெட் அடித்திருக்கும் சேஸிஸ் எண் தகட்டின் போட்டோவையும் சேர்த்தே அனுப்பினேன். மறுகேள்வி எதுவும் வராமல் வேலை முடிந்தது.

என் கார் 1965-ம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர், எம்ஜி கம்பெனியின் ஆபிங்டன் தொழிற்சாலையில் பிறந்தது. நான் வாங்கும்போது கரும்பச்சை. சான்றிதழில் ஓல்ட் இங்கிலிஷ் ஒயிட் என்று இருந்தது, உள்ளே சிவப்பு சீட். கட்டி முடித்த நாள், தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாள், எஞ்சின் எண், பாடி எண், கூடுதலாகப் பொருத்தியவை எல்லாம் ஒரே தாளில். எஞ்சின் எண்ணைத்தான் முதலில் தேடினேன். 18ஜிபி என்று தொடங்கி கடைசி இலக்கம் வரை என் எஞ்சினில் இருக்கும் தகட்டோடு ஒத்துப்போனது. அன்று ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி கராஜுக்குப் போய் இன்னொரு முறை வாசித்துவிட்டு வந்தேன்.

எண்ணை வாசிக்கத் தெரிந்தால் அது ஒரு தனி சுகம். சேஸிஸ் எண் ஜிஎச்என்3 என்று தொடங்கும். ஜி என்றால் எம்ஜி, எச் என்றால் 1400 முதல் 1999 சிசி வரையான எஞ்சின் வகை, என் என்றால் இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். இந்த வரிசையில் முதல் இரண்டு இடங்களையும் முன்னால் வந்த எம்ஜிஏ கார் எடுத்துக்கொண்டது, அதனால் எம்ஜிபி 3-ல் தொடங்குகிறது. 18ஜிபி-யில் 18 என்பது 1.8 லிட்டர். 1964 அக்டோபரிலிருந்து வந்த, கிராங்க் ஷாஃப்டை ஐந்து பேரிங் தாங்கும் எஞ்சின் இது.

ஆனால் சான்றிதழால் முடியாத காரியம் ஒன்று உண்டு. இப்படி ஒரு கார் ஆபிங்டனிலிருந்து வெளியே வந்தது என்று அது சொல்லும். என் கராஜில் நிற்கும் கார் அதுதான் என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது தகடு. தகடு போய்விட்டால் சான்றிதழ் வெறும் தாள்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இதற்கு முன் ஒரு எம்ஜி மிட்ஜெட் வைத்திருந்தேன். எஞ்சினைப் பிரித்து அதன் இரும்பு உடலான பிளாக்கை மட்டும் கழுவ ஒரு பட்டறையில் கொடுத்தேன். கொதிக்கும் காஸ்டிக் சோடாத் தொட்டியில் இறக்கிக் கழுவுவது அவர்கள் வழக்கம். இரும்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது, அலுமினியம் கரைந்துவிடும். எஞ்சின் எண் தகடு அலுமினியம். பிளாக் பளபளவென்று திரும்பி வந்தது, தகடு இருந்த இடத்தில் இரண்டு ரிவெட் மட்டும் நின்றது. நானும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. அந்த எண்ணைப் போட்டோகூட எடுத்து வைக்கவில்லையே என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதனால் எம்ஜிபி-யில் எல்லா வேலைக்கும் முன்னால் தகடுகளைத்தான் கழற்றினேன். முதலில் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ, அப்புறம் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி. சேஸிஸ் தகடு இடப்பக்க உள் மட்கார்டில் இருந்தது. முன்பக்கமிருந்து ட்ரில் போட்டால் பிட் வழுக்கித் தகட்டைக் கீறிவிடும். சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பின்னாலிருந்து ரிவெட்டின் வாலை அரத்தால் ராவி, மெல்லத் தட்டி எடுத்தேன். எஞ்சின் தகட்டுக்குப் பின்னால் கை போகாது. அங்கே அடித்து இறக்கும் ஆணி மாதிரி ரிவெட், உடம்பில் சுருள் வெட்டு இருக்கும். தலையில் ஒரு சின்னக் காடி அறுத்து ஸ்க்ரூடிரைவரால் திருகினேன், திருகாணி போலக் கழன்று வந்தது.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். ஒயர் பிரஷ், மெட்டல் பாலிஷ், தின்னர் எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். எழுத்துக்குள் இருக்கும் கறுப்பு மை ஒரே துடைப்பில் போய்விடும், திரும்ப வராது. காய்ந்ததும் ரினைசான்ஸ் வாக்ஸ் மிக மெல்லிசாக ஒரு பூச்சு. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான மெழுகு அது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே இணையத்தில் ஒரு புதுத் தகடும் வாங்கினேன், என் எண்ணைப் பொறித்தே அனுப்பினார்கள். கடைப் பெயர் வேண்டாம். பழையதைவிட மெலிசு, கண்ணைப் பறிக்கும் பளபளப்பு, எண்கள் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கின்றன. என் பழைய தகட்டில் 3 கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது, அடுத்த எண் ஒரு பக்கம் ஆழமாக இறங்கியிருக்கிறது. யாரோ ஒருவர் கையில் சுத்தியலோடு நின்று அடித்த எண் அது. எம்ஜிபி-க்கு இன்றைக்குக் கிடைக்காத பாகமே கிட்டத்தட்ட இல்லை. 1988-லேயே முழு பாடிஷெல், அதாவது காரின் வெற்று உடல் கூடு, புதிதாக வந்துவிட்டது, இப்போதும் இங்கிலாந்தின் விட்னியில் செய்கிறார்கள். அந்த அடியைத்தான் யாராலும் திரும்பச் செய்ய முடியாது. பெயின்ட் அடிப்பவர், "புதுசுதான் இருக்கே, அதையே மாட்டிடலாமே" என்றார். மாட்டவில்லை. அது என் மேசை டிராயரில் கிடக்கிறது, பின்புறம் "நகல்" என்று நானே பொறித்து வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். சேஸிஸ் தகட்டைத் தூக்கியபோது அதன் அடியில் சீட்டுக்கட்டு அட்டையைவிடச் சிறிய ஒரு செவ்வகம், லேசான பால்நிற வெள்ளை. சுற்றிலும் பச்சை, விளிம்பு கத்தியால் வெட்டிய மாதிரி. பச்சை அடித்தவர் தகட்டைக் கழற்றாமலே அடித்திருக்கிறார். கேய்டன் தாளில் ஓல்ட் இங்கிலிஷ் ஒயிட் என்று வாசித்த நிறம் அங்கே கண்ணெதிரே இருந்தது.

இப்போது கார் மறுபடி வெள்ளை. அந்தச் செவ்வகத்தை மட்டும் தேய்க்காமல், மேலே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுப் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை டேப்பை உரித்துவிட்டு, பழைய தகட்டை அதன் மேலேயே, பழைய துளைகளிலேயே ரிவெட் அடித்தேன்.