வேர் பிடித்துப் படித்த இங்கிலீஷ்: மூன்று வருடம் கழித்து

'கேபிடுலேட்' என்றால் பணிந்துபோவது என்று எனக்குத் தெரியும். அதையே சொல்லும் 'கிவ் இன்' தெரியாது. 'டாலரேட்' தெரியும், ஆனால் 'புட் அப் வித்' என்று யாராவது சொன்னால் எதையோ தூக்கி மேலே வைக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பிரெஞ்சில் படித்து வளர்ந்தவன் இங்கிலீஷ் கற்கும்போது நடக்கிற கூத்து இது. பெரிய பெரிய சொல்லெல்லாம் தானாக வந்து உட்காரும், மூன்று வயதுக் குழந்தை பேசுகிற சொல் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

நான் புதுச்சேரிக்காரன். தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். ஒன்பது வயதில் குடும்பத்தோடு பிரான்ஸில் உள்ள துலூஸ் நகருக்கு வந்தேன். வீட்டில் தமிழ், வெளியே பிரெஞ்சு. இங்கிலீஷ் என்பது பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம் வந்துபோகும் ஒரு பாடம். லீவுக்கு ஊருக்குப் போனால் அத்தை மகன், "என்னடா, ஃபாரின்ல இருந்து வந்துட்டு இங்கிலீஷ் வரலங்கிற?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரிப்பான்.

விமான உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பராமரிப்புக் கையேடு எழுதும் பிரிவில் இருக்கிறேன். வேலை பார்த்துக்கொண்டே இன்ஜினியர் படிப்பில் சேர்ந்தபோது டோயிக் என்ற இங்கிலீஷ் தேர்வில் 990-க்கு 785 வேண்டும் என்றார்கள். முதல் முயற்சியில் 690. லிஸ்னிங் 330, ரீடிங் 360. சம்பளக்காரர்களின் பயிற்சிக்காக இங்கே சே-பே-எஃப் என்று ஒரு கணக்கு உண்டு. அதிலிருந்த காசைப் போட்டு ஓர் ஆன்லைன் வகுப்பு வாங்கினேன். காசு போனதுதான் மிச்சம், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வழி காட்டியவர், பக்கத்து ஊரில் மாலை வகுப்பு நடத்திய ஓர் அம்மையார். பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். "உனக்கு இங்கிலீஷ் அகராதியில் பாதி ஏற்கெனவே தெரியும், தெரியும் என்பதுதான் தெரியவில்லை" என்றார். அவர் சொன்ன முறை எளிது. நோட்டின் இடது பக்கத்தில் பிரெஞ்சுச் சொல், வலது பக்கத்தில் அதன் இங்கிலீஷ் உறவுக்காரர்கள், மேலே இரண்டுக்கும் பொதுவான லத்தீன் வேர். ஒரு நாளைக்கு ஒரு வேர். பிற்பாடு அதையே, அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டி மனப்பாடம் செய்யவைக்கும் ஆங்கி செயலியில் அட்டைகளாக மாற்றிக்கொண்டேன். கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் அது இலவசம், ஐபோன்காரர்கள் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

முதல் வகுப்பு முழுக்கத் தொப்பியைப் பற்றியே பேசினார். பிரெஞ்சு எழுத்தின் தலையில் சில இடங்களில் ஒரு சின்னத் தொப்பி இருக்கும். பல சொற்களில் அந்தத் தொப்பிக்கு அடியில் ஓர் எஸ் புதைந்திருக்கிறது. முன்பு எழுதிக்கொண்டிருந்த எஸ் ஒலிக்காமல் போய்விட்டதால், பிரெஞ்சு அகாதெமி 1740-இல் கொண்டுவந்த அகராதிப் பதிப்பில் அதை எடுத்துவிட்டுத் தொப்பியைப் போட்டார்கள். இங்கிலீஷ்காரர்கள் அதற்குப் பல நூறு வருடம் முன்பே, 1066-இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்ததற்குப் பின் வந்த காலத்தில், இந்தச் சொற்களை எஸ்ஸோடு வாங்கி வைத்துவிட்டார்கள். திருப்பித் தரவே இல்லை. ஆக, தொப்பியைக் கழற்றி எஸ்ஸை வைத்தால் போதும்: ஃபொரே ஃபாரெஸ்ட் ஆகும், ஒப்பித்தால் ஹாஸ்பிட்டல் ஆகும், கோத் கோஸ்ட் ஆகும், பேத் பீஸ்ட் ஆகும், தாம்பேத் டெம்பெஸ்ட் ஆகும். முப்பது வருடம் தினமும் எழுதிய சொற்கள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் நடந்தது தமிழனுக்கு இன்னும் வேடிக்கையானது. லத்தீனில் எஸ்ஸும் இன்னொரு மெய்யும் சேர்ந்து சொல்லின் முதலில் வந்தால், பழைய பிரெஞ்சுக்காரர்களின் நாக்கு அதற்கு முன்னால் ஓர் எகரத்தைச் சேர்த்துக்கொண்டதாம். ஸ்கோலா என்பது எஸ்கோல் ஆனது. என் ஆயா 'இஸ்கூல்' என்றும் 'இஸ்டேஷன்' என்றும் சொன்னாரே, அதே வேலை! பிறகு பிரெஞ்சில் எஸ் கழன்று எகரம் மட்டும் நின்றுவிட்டது. அதனால்தான் எக்கோல் ஸ்கூலாகவும், எத்தா ஸ்டேட்டாகவும், எப்பீஸ் ஸ்பைஸாகவும், எப்போன்ழ் ஸ்பாஞ்சாகவும் இருக்கின்றன. ஆயா கதையை வகுப்பில் சொன்னேன். அம்மையார் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மாதிரிக்கு ஒரு நோட்டுப் பக்கம். வேர்: லத்தீனில் தெனேரே, பிரெஞ்சில் தெனீர். தேநீர் இல்லை, 'பிடித்திரு' என்று அர்த்தம். பிரெஞ்சில் 'தெனீர்' என்று முடிந்தால் இங்கிலீஷில் 'டெய்ன்' என்று முடியும். ஒப்தெனீர், ஒப்டெய்ன். கோந்தெனீர், கன்டெய்ன்: சேர்த்துப் பிடி. ரெதெனீர், ரிடெய்ன்: போகவிடாமல் பிடி. சூத்தெனீர், சஸ்டெய்ன்: கீழிருந்து தாங்கிப் பிடி. மேன்தெனீர், மெயின்டெய்ன்: 'மேன்' என்றால் கை, ஆகவே கையில் பிடி. நாம் கைக்கொள் என்கிறோமே, அதுதான். கடைசியாக ஆந்த்ரெதெனீர், எண்டர்டெய்ன். இங்கேதான் வழுக்கும். பிரெஞ்சில் இன்றைக்கு அது ஒரு பொருளைப் பழுதில்லாமல் பேணுவது. இங்கிலீஷில் விருந்தாளியைச் சந்தோஷமாக வைத்திருப்பது. மெயின்டெனன்ஸ் என்ற சொல் நாள் முழுக்கப் புழங்குகிற இடத்தில் வேலை பார்த்ததால் தப்பித்தேன். இல்லாவிட்டால் பம்பை ஆறு மாதத்துக்கு ஒரு முறை எண்டர்டெய்ன் செய்யவும் என்று எழுதியிருப்பேன்.

அதில் தப்பித்தவன் இன்னொன்றில் மாட்டினேன். பிரெஞ்சில் எவான்த்யுவெல்மான் என்றால் 'தேவைப்பட்டால், ஒருவேளை' என்று பொருள். அதை அப்படியே இங்கிலீஷாக்கி, திருத்திய வரைபடத்தை 'ஈவென்ச்சுவலி' அனுப்புகிறோம் என்று இங்கிலாந்தில் இருந்த வாடிக்கையாளருக்கு மெயில் போட்டேன். ஒருவேளை அனுப்பலாம் என்பது என் எண்ணம். எப்படியும் கடைசியில் வந்துவிடும் என்பது அவர்கள் படித்தது. இரண்டு வாரம் காத்திருந்துவிட்டு என் மேலாளரைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு ஆங்கியில், ஒன்றுபோல இருந்து பொருளில் ஏமாற்றும் சொற்களுக்கென்று ஒரு சிவப்புக் கட்டு தொடங்கினேன். அக்த்யுவெல்மான் என்றால் 'தற்போது', 'ஆக்சுவலி' இல்லை. தெசெப்சியோன் என்றால் ஏமாற்றம், 'டிசெப்ஷன்' என்றால் ஏமாற்று வேலை. பிரெஞ்சில் சான்சீப்ல் என்று புகழ்ந்தால் இளகிய மனசுக்காரர், இங்கிலீஷில் சென்சிபிள் என்றால் விவரமானவர். லிப்ரேரி என்பது புத்தகக் கடை, 'லைப்ரரி' இல்லை. இந்த முறையைப் பின்பற்றுகிறவர்கள் சிவப்புக் கட்டை முதல் நாளே தொடங்கிவிடுங்கள், நான் எட்டு மாதம் தாமதித்தேன்.

நார்மன் பக்கம் தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். வடக்குப் பிரெஞ்சில் 'வ' என்றதைப் பாரிஸ் பக்கம் 'க' என்றார்கள். இங்கிலீஷ் இரண்டு கடையிலும் சரக்கு எடுத்தது. அதனால் வாரண்டி, கேரண்டி இரண்டும் அங்கே உண்டு. வார்டன், கார்டியன், அதே கதை. போரைக் குறிக்கும் பிரெஞ்சின் கேர்தான் இங்கிலீஷின் வார். ஒப்பந்தக் காகிதம் படிக்கிறவர்களுக்கு இது ருசிக்கும்.

சரி, பலன்? ஒரு வருடம் கழித்து இரண்டாவது டோயிக். ரீடிங் 360-லிருந்து 440. லிஸ்னிங் 330-லிருந்து 335. மொத்தம் 775. பத்து மார்க் குறைவு.

அந்த ஐந்து மார்க்கைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வேர் தாளில்தான் கண்ணுக்குத் தெரிகிறது, காதில் விழுவதில்லை. பிரெஞ்சுக்காரன் வாய் அழுத்தத்தைச் சொல்லின் கடைசியில் வைக்கும். இங்கிலீஷ் பல சொற்களில் முதலில் வைத்துவிட்டு மிச்சத்தை விழுங்கிவிடும். கோம்ஃபொர்தாப்ல் என்பதை நான் நான்கு அசையாக எதிர்பார்த்துக் காத்திருக்க, கேசட்டில் 'கம்ஃப்டபிள்' என்று ஏதோ தாண்டி ஓடிவிடும். தெரிந்த சொல் என்பதால் தேடலும் அதிகம், அதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும். அட்டை போட்டபோதே ஒலியையும் சேர்த்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்க நான்கு மாதம் ஆனது.

இன்னொரு இடி வேலையில் விழுந்தது. விமானக் கையேடுகளை 'சிம்ப்ளிஃபைட் டெக்னிக்கல் இங்கிலீஷ்' என்ற கட்டுப்பாட்டு மொழியில் எழுத வேண்டும். 1980-களில் ஐரோப்பிய விமானத் துறை உருவாக்கியது, முதல் கையேடு 1986-இல் வந்தது. தாய்மொழி இங்கிலீஷாக இல்லாத மெக்கானிக்கும் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பது நோக்கம். அனுமதித்த பொதுச் சொற்கள் சுமார் 900, ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். வேர் நோட்டின் தெம்பில் நான் எழுதிய முதல் அத்தியாயம் சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தது. கோமான்சே கொடுத்த 'கமென்ஸ்' கூடாது, 'ஸ்டார்ட்' போடு. வெரிஃபியே கொடுத்த 'வெரிஃபை' கூடாது, 'மேக் ஷுர்' போடு. மேலாளர் அடித்த ஒவ்வொரு சொல்லும் என் நோட்டின் வலது பக்கத்தில் இருந்தது. அவர் எழுதிய ஒவ்வொன்றும் நோட்டிலேயே இல்லாதது.

1973-இல் வெளிவந்த ஒரு கணக்கு உண்டு. சுமார் 80,000 அகராதிச் சொற்களை எடுத்து எங்கிருந்து வந்தவை என்று பிரித்தார்கள். பிரெஞ்சு 28 சதவீதம், லத்தீன் இன்னொரு 28. அம்மையார் சொன்ன 'பாதி' இதுதான். ஆனால் அது அகராதியை எண்ணிய கணக்கு. வாயில் அதிகம் புழங்குகிற முதல் நூறு சொற்களை எடுத்தால் அநேகமாக எல்லாமே பிரெஞ்சோ லத்தீனோ தராத பழைய ஜெர்மானியச் சொற்கள். கெட், புட், கிவ், டேக், அவற்றோடு ஒட்டும் அப், ஆஃப், அவுட். இவற்றுக்கு என்னிடம் எந்தத் தாத்தா சொத்தும் இல்லை. தமிழில் 'போட்டு வாங்கினான்', 'விட்டுப் பிடி' என்பதை வெளியூர்க்காரனுக்கு எப்படி விளக்குவது? அதே சிக்கல்தான் எனக்கும்.

ஆகவே இரண்டாம் வருடத்திலிருந்து நோட்டைத் திருப்பிப் போட்டேன். இடது பக்கத்தில் எனக்குத் தெரிந்த பெரிய சொல், வலது பக்கத்தில் அதையே இங்கிலீஷ்காரர் டீ குடிக்கும்போது எப்படிச் சொல்வார் என்பது. டாலரேட், புட் அப் வித். அபாண்டன், கிவ் அப். கேபிடுலேட், கிவ் இன். பழைய பாதி நோட்டு புதிய பாதிக்குக் கொக்கி ஆனது. மூன்றாவது முயற்சியில் 835, லிஸ்னிங் மட்டும் 385.

மூன்று வருடத்தில் 130-க்கும் மேல் வேர்ப் பக்கங்கள் சேர்ந்திருக்கின்றன. இப்போது புது வேர் சேர்ப்பதில்லை, பழைய அட்டைகளை மெட்ரோவில் பத்து நிமிடம் தட்டுவதோடு சரி. பத்திரிகைத் தலையங்கம், ஒப்பந்தம், ஆய்வுக் கட்டுரை இதையெல்லாம் படிக்க வேண்டிய பிரெஞ்சுக்காரருக்கு இதைவிடச் சீக்கிரம் பலன் தருகிற வழி நான் பார்த்ததில்லை. லண்டனில் வீடு பார்க்கப் போகிறவர், ஹோட்டலில் வேலைக்குச் சேர்கிறவர் இதில் நேரம் போட வேண்டாம். கேட்டுப் பழகுவதுதான் அவர்களுக்கு அவசரம். பள்ளியில் லத்தீன் எடுத்தவர்களுக்கு முதல் இரண்டு மாதம் போரடிக்கும், அவர்கள் நேராகச் சிவப்புக் கட்டுக்குப் போகலாம்.

அத்தை மகனின் பெண் புதுச்சேரியில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள், இப்போது பிரெஞ்சு கற்கிறாள். நோட்டை அவளுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். வலமிருந்து இடமாகப் படிக்கச் சொன்னேன். மூன்றே மாதத்தில் பிரெஞ்சுப் பத்திரிகைத் தலைப்பெல்லாம் எழுத்துக் கூட்டாமல் புரிகிறதாம். போன வாரம் வாட்ஸ்அப்பில், 'போதும்டா சாமி' என்று அலுத்துக்கொள்ளும் ஒரு பேச்சு வழக்கைப் பற்றிக் கேட்டிருந்தாள்: "மாமா, 'ழான் நே மார்'னா என்ன? கிளாஸ்ல எல்லாரும் சொல்றாங்க. நோட்டு பூரா தேடிட்டேன், எந்த வேர்லயும் இல்ல."