தேவிகுளமும் நகரியும்: ஆளா, கட்சியா?

கேரளத்தில் தேவிகுளம், ஆந்திரத்தில் நகரி: இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். இரண்டிலும் தமிழ் பேசும் வாக்காளர்கள் ஏராளம். பதவியில் இருப்பவரின் செல்வாக்கு எங்கே நிற்கிறது, கட்சிக் காற்று எங்கே அடித்துப்போகிறது என்று பார்க்க இவை நல்ல ஜோடி.

தேவிகுளத்தில் காங்கிரஸின் ஏ.கே. மணி 1991 முதல் மூன்று முறை வென்றார்; 1996-ல் மாநிலமே இடது பக்கம் சாய்ந்தபோதும் அசையவில்லை. 2006-ல் அவரைத் தோற்கடித்த மார்க்சிஸ்ட் எஸ். ராஜேந்திரனும் மூன்று முறை வென்றார். 2015-ல் இந்தத் தொகுதியின் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் போனஸ் கேட்டுச் தொழிற்சங்கத் தலைவர்களையே எதிர்த்து எழுந்தார்கள். எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டும் போராட்டம் அது. ஆனாலும் மறு வருடம் அதே கட்சி, அதே ஆள்! காரணம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் வரை இறங்கியிருக்கும் தொழிற்சங்கம்தான் என்பேன். 2021-ல் ராஜேந்திரனுக்கு சீட் இல்லை, புதுமுகம் ஏ. ராஜாவை நிறுத்தியும் கட்சி வென்றது. அவர் தமிழில் பதவியேற்றது எங்களுக்குப் பெருமை.

நகரியில் கதை வேறு. நடிகை ரோஜா 2014-ல் ஆயிரத்துக்கும் குறைவான வாக்கில் வென்றார். அவர் கட்சியான ஜெகன்மோகன் ரெட்டியின் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் அப்போது எதிர்க்கட்சி. 2019-லும் வென்று அமைச்சரானார். 2024-ல் ஜெகன் கட்சி 175-ல் 11 இடங்களுக்குச் சுருங்கியபோது அவரும் சரிந்தார். மூணாறில் சங்கம் தாங்கியதுபோல் இங்கே தாங்க ஏதுமில்லை.

ஆளைவிட அமைப்பையே நான் நம்புகிறேன். ஆனால் சீட்டுக்கு ஆளை மாற்றும் கட்சி, லயத்தின் ஒழுகும் கூரையையும் மாற்ற வேண்டும்.