‘ஏசஸ்ல செய்யிறம்’ எண்டு 85,000 ரூபாவை விழுங்கிட்டாங்க, குறும்படம் எடுக்கிறவங்க கவனம்

நேற்றிரவு சண்டை பிடிச்ச கையோட எழுதுறன். 85,000 ரூபா போச்சு. ஏசஸ் எண்டா, எந்தக் கமராவில எடுத்த படத்தின்ர கலரையும் ஒரே ஒழுங்கில வைச்சிருக்கிற ஒரு முறை.

மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடியில, விடியக்காலம், வாவியில தோணி போற காட்சி. மூணு விடியல் காத்திருந்து சோனி கமராவில எஸ்-லாக் 3இல (வெளிச்சம், நிழல் ரெண்டின்ர விபரத்தையும் கூடுதலா வைச்சிருக்கிற பதிவு முறை) எடுத்தம். அஞ்சு ஷொட்டில தோணி விளக்குக்கு விஎஃப்எக்ஸ் (கம்ப்யூட்டரில காட்சி சேர்க்கிற வேலை) தேவைப்பட்டது. ஒன்லைன்ல ஓர்டர் எடுக்கிற ஒரு போஸ்ட் புரொடக்‌ஷன் ஆக்களிட்ட குடுத்தம்.

வீடியோ கோலில அந்த ஆள் கதைச்ச விதத்திலதான் விழுந்தன். ஒஸ்கார் குடுக்கிற அகடமி 2014இல ஏசஸ் 1.0 வெளியிட்டதில இருந்து தொடங்கினார். எந்தக் கமராவில எடுத்தாலும் ஐடிடி (அந்தக் கமராவின்ர கலரை ஏசஸுக்கு மாத்துற கணக்கு) போட்டு ஒரே வண்ணவெளிக்குள்ள, அதாவது ஒரே கலர் அளவுக்குள்ள கொண்டுவருவம், விஎஃப்எக்ஸ் அதுக்கெண்டு இருக்கிற ஏசஸ்-சிஜி வண்ணவெளியில, ஃபைல் 16 பிட் ஈஎக்ஸ்ஆர் (வெளிச்ச விபரம் குறையாத பெரிய பட ஃபைல்), கலர் திருத்துறது ஏசஸ்-சிசிடி வண்ணவெளியில, கடைசியில தியேட்டருக்கு பி3, டிவிக்கு ரெக் 709 எண்ட கலர் அளவில. எல்லாம் சரிதான், முறையில ஒரு பிழையும் இல்ல. “தம்பி, உங்கட வாவி உங்கட வாவியாவே இருக்கும்” எண்டார். அந்த ஒரு சொல்லுக்கு அண்டைக்கே 85,000உம் முழுசாப் போட்டன்.

வந்தது என்ன? ரெக் 709க்கு நிலையா மாத்திப்போட்ட, விபரம் குறைஞ்ச 8 பிட் எம்பி4. தண்ணியில வெயில் பட்ட இடமெல்லாம் வெறும் வெள்ளை. வெளிச்சத்தக் குறைச்சா சாம்பலாகுது. எஸ்-லாக்கில இருந்த விபரம் அதுக்குள்ள இல்லவே இல்ல. பக்கத்து ஷொட்டில வானம் செம்மஞ்சள், இதில ஊதா.

கேட்டதுக்கு “உங்கட மொனிட்டர் பிழை” எண்டார். கலிபிரேட் செய்த மொனிட்டரில போட்டுப் பார்த்தம், அதே வெள்ளை. ஈஎக்ஸ்ஆர் தாங்க எண்டா “பெரிய ஃபைல், அனுப்ப ஏலாது.” ஹார்ட் டிஸ்க்கோட பஸ் ஏறி நானே வாறன் எண்டன். மறுகா “அந்தப் பொடியன் வேலைய விட்டுட்டான்.” மறுகா ப்ளூ டிக் மட்டும். ஓர்டர் போட்ட தளமோ, ஃபைல் கிடைச்சா 85,000உம் திரும்பாது எண்டு ஒரே வரியில முடிச்சிட்டுது.

என்ன செய்யவேணும் எண்டு விரிவா எழுதத்தான் தொடங்கினன், மனம் ஓடுதில்ல. முழுக்காசும் முதல்ல குடுக்காதங்க. ஒரு ஷொட்ட மட்டும் வேலை செய்யாமலே ஈஎக்ஸ்ஆரா திருப்பி வாங்கி, ஒறிஜினலுக்கு மேல வைச்சுப் பாருங்க, கலர் அப்பிடியே ஒட்டவேணும். எந்த ஐடிடி, ஏசஸ் பதிப்பு 1.3ஆ 2.0ஆ எண்டு எழுத்தில வாங்குங்க.

தோணி ஓட்டின ஐயாவுக்கு வைச்சிருந்த காசும் அந்த 85,000க்குள்ளதான் போச்சு. நாளைக்கு அவருக்கு முன்னால போய் நிக்கவேணும்.