‘பெர்மிஷன் எரர் சரியாயிடுச்சு’ என்றதும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

சர்வரில் மேட்டர்மோஸ்ட் என்ற குழு அரட்டை மென்பொருளை நிறுவித் தர ஒருவர் காசு பேசி ஒப்புக்கொண்டார். லினக்ஸ் வகையான டெபியன் 12, அதோடு வரும் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் 15. நடுவில் ‘பெர்மிஷன் டினைட் ஃபார் ஸ்கீமா பப்ளிக்’ என்று வந்து நிறுவல் நின்றது (ஸ்கீமா என்பது டேட்டாபேஸுக்குள் டேபிள்களை வைக்கும் பிரிவு). கொஞ்ச நேரத்தில் "சரியாயிடுச்சு" என்றார். மென்பொருள் ஓடியது, முழுப் பணமும் போனது. பிறகு உள்ளே போய்ப் பார்த்தால், கதவு திறக்கவில்லை என்று பூட்டையே கழற்றிப் போட்டிருக்கிறார்.

போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளை கொடுக்கும் பிஎஸ்க்யூஎல்-இல் ‘பேக்ஸ்லாஷ் டியூ’ அடித்தால் ரோல்களின், அதாவது டேட்டாபேஸ் பயனர் கணக்குகளின், பட்டியல் வரும். அதில் மென்பொருளுக்கான ரோலுக்கு நேராக ‘சூப்பர்யூசர்’ என்று இருந்தது. இது சின்ன விஷயம் இல்லை. சூப்பர்யூசருக்கு எந்த அனுமதிச் சோதனையும் கிடையாது. ‘காப்பி’ கட்டளையோடு ‘புரோகிராம்’ சேர்த்து, சர்வரிலேயே லினக்ஸ் கட்டளைகளை ஓட்டலாம். மென்பொருளில், வெளியாள் டேட்டாபேஸ் கட்டளையை நுழைக்க விடும் ஒரு எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் ஓட்டை இருந்தால் போதும், டேட்டாபேஸோடு நிற்காது. போதாததற்கு, யாரை எப்படி உள்ளே விடுவது என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ கோப்பில் ‘டிரஸ்ட்’ என்று ஒரு வரி. அந்த வரிக்குப் பொருந்தும் இணைப்பு எதுவானாலும் பாஸ்வேர்ட் கேட்காமலே உள்ளே விட்டுவிடும்.

இத்தனைக்கும் அந்தப் பிழைக்குக் காரணம் மிக எளிது. 2022-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15 முதல், புதிய டேட்டாபேஸின் பப்ளிக் ஸ்கீமாவில் எல்லாரும் டேபிள் உருவாக்கும் உரிமை எடுக்கப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகள் சொல்லும் ‘கிராண்ட் ஆல் பிரிவிலேஜஸ் ஆன் டேட்டாபேஸ்’ இங்கே உதவாது. அது இணையவும், புது ஸ்கீமா உருவாக்கவும், தற்காலிக டேபிள் போடவும்தான் உரிமை தரும். ஏற்கெனவே இருக்கும் ஸ்கீமாவுக்குள் டேபிள் போட விடாது. பழைய பதிப்பிலிருந்து பிஜி_அப்கிரேட் என்ற கருவி மூலம் வந்த டேட்டாபேஸில் பழைய உரிமையே தொடரும். ‘அந்த சர்வர்ல வேலை செஞ்சுதே’ என்ற குழப்பம் இதனால்தான்.

சரியான தீர்வு ஒரே வரி: ‘ஆல்டர் டேட்டாபேஸ்’, டேட்டாபேஸ் பெயர், ‘ஓனர் டு’, ரோல் பெயர். 15-இலிருந்து பப்ளிக் ஸ்கீமா டேட்டாபேஸின் உரிமையாளருக்கே சொந்தம் என்பதால் வேறெதுவும் வேண்டாம். உரிமையாளரை மாற்ற விருப்பமில்லையென்றால் ‘கிராண்ட் கிரியேட் ஆன் ஸ்கீமா பப்ளிக் டு’, ரோல் பெயர். ஆனால் இதை அந்த டேட்டாபேஸுக்குள் நுழைந்த பிறகு அடிக்க வேண்டும். தானாகவே இருக்கும் ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற டேட்டாபேஸில் இருந்தபடி அடித்துவிட்டு "கிராண்ட் கொடுத்தும் வரலையே" என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய.

இதே கோலத்தில் சர்வர் கைக்கு வந்திருந்தால் முதலில் மேலே சொன்னபடி உரிமையாளரை மாற்றுங்கள். பிறகு ‘ஆல்டர் ரோல்’, ரோல் பெயர், ‘நோசூப்பர்யூசர்’. டிரஸ்ட் வரியைத் தொடும் முன் ‘பேக்ஸ்லாஷ் பாஸ்வேர்ட்’, ரோல் பெயர் கொடுத்து, மென்பொருளின் கான்ஃபிக்கில் உள்ள அதே பாஸ்வேர்டை வையுங்கள். டிரஸ்ட் இருந்தவரை அதை யாரும் சரிபார்த்திருக்கவே மாட்டார்கள். அப்புறம் டிரஸ்ட் இருந்த இடத்தில் பாஸ்வேர்ட் கேட்கும் ‘ஸ்க்ராம்-ஷா-256’ என்று மாற்றி ரீலோட் செய்தால் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட் வெளியே திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மென்பொருளும் டேட்டாபேஸும் ஒரே மெஷினில் இருந்தால் லோக்கல்ஹோஸ்ட் மட்டும் போதும். அதற்கான ‘லிசன்_அட்ரஸஸ்’ மாற்றத்துக்கு மட்டும் ரீஸ்டார்ட் தேவை.

இன்னொரு வகைக் குறுக்குவழி, தானாகவே இருக்கும் சூப்பர்யூசரான ‘போஸ்ட்கிரெஸ்’ யூசராகவே டேபிள்களை உருவாக்கிவிட்டு ‘கிராண்ட் ஆல்’ கொடுப்பது. அன்றைக்கு எல்லாம் ஓடும். அடுத்த அப்கிரேடில் டேபிளின் அமைப்பை மாற்றப் போகும்போது ‘மஸ்ட் பி ஓனர் ஆஃப் டேபிள்’ என்று பாதியில் நிற்கும். ‘ரீஅஸைன் ஓன்ட்’ போட்டு ஒரேயடியாக மாற்றலாம் என்றால் போஸ்ட்கிரெஸ் யூசர் விஷயத்தில் அது மறுத்துவிடும், டேட்டாபேஸ் அமைப்புக்கே அந்த யூசரின் பொருள்கள் தேவை என்பதால். டேபிள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உரிமையாளரை மாற்ற வேண்டியதுதான்.

ஆகவே பில் கட்டும் முன் ‘பேக்ஸ்லாஷ் டியூ’, மென்பொருளின் டேட்டாபேஸில் இருந்தபடி டேபிள்களின் பட்டியலைத் தரும் ‘பேக்ஸ்லாஷ் டிடி’ இரண்டையும் உங்கள் கண்முன்னே அடித்துக் காட்டச் சொல்லுங்கள். முதலாவதில் மென்பொருளின் ரோலுக்கு நேராக ‘ஆட்ரிபியூட்ஸ்’ பத்தியில் எதுவும் இருக்கக் கூடாது. இரண்டாவதில் ஓனர் பத்தி முழுக்க அந்த ரோலின் பெயரே இருக்க வேண்டும்.