‘9900 எம்ஏஎச்’ 18650 செல்: மீட்டர் காட்டும் வோல்ட்டை நம்பி வாங்காதீர்கள்

ஹெட் டார்ச்சுக்கு 18650 லித்தியம் செல் தேடுகிறவர்கள் காசு கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். உள்ளூர் எலக்ட்ரானிக்ஸ் கடையொன்றில் ‘9900 எம்ஏஎச்’ (செல் எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்பதன் அளவு, மில்லிஆம்பியர்-மணி) என்று அச்சடித்த ஜோடி செல்லைத் தந்தார்கள். இவ்வளவு வராதே என்று கேட்டதும் கடைக்காரர் மல்டிமீட்டரை வைத்து, “3.9 வோல்ட் காட்டுது பாருங்க சார், புது மால்” என்றார். மீட்டர் காட்டியது சரிதான். ஆனால் சுமை இல்லாத நிலையில் வோல்ட் சொல்வது இப்போது எவ்வளவு சார்ஜ் ஏறியிருக்கிறது என்பதை மட்டும்தான். உயிர் போகிற நிலையில் உள்ள செல்லும் சார்ஜ் ஏற்றி வைத்தால் 3.9 காட்டும்.

18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளமுள்ள இந்தக் குடுவைக்குள் பேர்பெற்ற கம்பெனிகளே அடைப்பது சுமார் 3500 எம்ஏஎச். அண்மையில் வந்த ஒன்றிரண்டு 4000-ஐ ஒட்டி வருகின்றன. 5800, 6800, 9900 எல்லாம் வெறும் அச்சு.

தராசில் வைத்தால் அங்கேயே குட்டு உடைந்துவிடும். ஒழுங்கான செல் 44 முதல் 48 கிராம் இருக்கும். நான் வாங்கிவந்த இவை ஒவ்வொன்றும் 31 கிராம். கொள்ளளவு அளக்கும் சார்ஜரில் போட்டு, ஏற்றிய சார்ஜை அரை ஆம்பியரில் இறக்கியபோது கிடைத்தது 1140 எம்ஏஎச். உள்மின்தடை, அதாவது மின்னோட்டத்துக்குச் செல்லே காட்டும் தடை, 190 மில்லிஓம் (0.19 ஓம்). நல்ல புதுச் செல்லில் இது 20 முதல் 50-க்குள் இருக்கும்.

இந்த 190-தான் ஆபத்து. 10 வாட் டார்ச் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். 3 × 0.19 = 0.57 வோல்ட் செல்லுக்குள்ளேயே விழுந்துவிடுகிறது, 3.9 இருந்தது 3.3 ஆகி வெளிச்சம் மங்குகிறது. 3 × 3 × 0.19 = 1.7 வாட் செல்லுக்குள் சூடாக மாறுகிறது. 40 மில்லிஓம் செல்லில் அது வெறும் 0.36 வாட். வெளிச்சத்தை நிலையாக வைக்கும் சர்க்யூட் என்றால் இன்னும் மோசம்: வோல்ட் இறங்க இறங்க ஆம்பியரைக் கூட்டி இழுக்கும், சூடும் ஏறும். ராத்திரி மும்முனை மின்சாரம் வரும்போது மோட்டார் போட வரப்பில் நடக்கிறவருக்கு, பாம்பு கிடக்கிற இடத்தில் விளக்கு அணைவது சின்ன விஷயமில்லை.

வேப் (இ-சிகரெட்) கருவிக்கும் இதே கணக்குதான். இந்தியாவில் 2019 சட்டப்படி அதன் விற்பனைக்கே தடை. மலேசியா, பிரிட்டனில் இருப்பவர்கள் கவனிக்க. வாட்டை நிலையாக வைக்கும் ஒற்றைச் செல் கருவியில் 80 வாட் வைத்தால், செல் 3.2 வோல்ட்டுக்கு இறங்கும்போது 80 ÷ 3.2 ÷ 0.9 (சர்க்யூட்டில் பத்தில் ஒரு பங்கு வீணாவதால் 0.9), அதாவது கிட்டத்தட்ட 28 ஆம்பியர். இரண்டு செல் போட்டால் ஆளுக்கு 14. சர்க்யூட் இல்லாத கருவியில் முழு சார்ஜில் உள்ள 4.2 வோல்ட்டை, சூடேறும் கம்பிச்சுருளான காயிலின் ஓமால் வகுங்கள்: 0.5 ஓமுக்கு 8.4 ஆம்பியர், 0.2 ஓமுக்கு 21. எம்ஏஎச்சைப் பார்த்துச் செல் எடுப்பது இங்கே பெரிய தவறு. பானசோனிக் என்சிஆர்18650பி 3400 எம்ஏஎச் என்றாலும் தொடர்ந்து 5 ஆம்பியருக்குள்தான் தரும். 2500 எம்ஏஎச் உள்ள சாம்சங் 25ஆர் 20 ஆம்பியர் தாங்கும்.

வாங்கும்போது இரண்டு முனையையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளோ தேய்த்த கீறலோ தெரிந்தால், பழைய லேப்டாப் பேக்கில் பிரித்தெடுத்துப் புது உறை போட்டது. உறையிலோ அட்டையிலோ ஐஎஸ் 16046 (லித்தியம் செல்லுக்கான இந்தியத் தரம்) முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும்; அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடைய பதிவு என்று காட்டும். பிராண்டும் எம்ஏஎச்சும் எழுதிய பில் கேளுங்கள். இந்தக் கடையில் பில் தரவில்லை. திருப்பிக் கொண்டுபோனதும் “பேட்டரிக்கு கேரண்டி கிடையாது” என்று முடித்துவிட்டார்கள். பில் இருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். உறை கிழிந்த செல்லைப் பையில் சாவி, சில்லறையோடு போடாதீர்கள். உடல் முழுவதும் மைனஸ் என்பதால் ஒரு சாவி பட்டாலே ஷார்ட் ஆகும். வெட்டிப் பார்க்கவும் வேண்டாம். இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.